பழவேற்காடு

பழவேற்காடு, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் உள்ள ஒரு தொன்மையான கடற்கரை ஊராகும். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், ஆரணியாறு ஏரியில் கலக்கும் பகுதியை ஒட்டி அமைந்துள்ளது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) தலைமையிடமாக இருந்தது. இன்று மீன்பிடிக் குப்பங்கள் சூழ்ந்த சிற்றூராக உள்ளது. ஊரை ஒட்டிய பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும்.

ஊரின் வணிகம், மீன்வளம், பறவை வளம் ஆகிய மூன்றும் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைச் சார்ந்தே வளர்ந்தன. ஆகவே முகத்துவாரம் இயங்கும் முறையை அறியாமல் பழவேற்காட்டை முழுமையாக அறிய இயலாது.

பெயர்க்காரணம்

பழமையான வேலமரக் காடு என்னும் பொருளில் பழவேற்காடு என்ற பெயர் வந்தது என்பது பொதுவான விளக்கம். போர்த்துகேயரும் ஒல்லாந்தரும் இப்பெயரைத் தத்தம் ஒலிக்கேற்பத் திரித்து எழுதினர். ஆங்கிலேயர் நாவில் அது 'புலிக்காட்' ஆயிற்று. ஆங்கில ஆவணங்களில் இன்றும் அப்பெயரே உள்ளது. தெலுங்கில் இந்த ஏரியைப் 'பிரளய காவேரி' என்பர்.

ஆரணியாறு

ஆரணியாறு ஆந்திர மாநில மலைப்பகுதியில் தோன்றுகிறது. பிச்சாட்டூரில் இதன் குறுக்கே அணை உள்ளது. சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் சுருட்டப்பள்ளி இந்த ஆற்றின் கரையிலேயே உள்ளது. ஆறு ஊத்துக்கோட்டைப் பகுதியில் தமிழ்நாட்டிற்குள் நுழைந்து, பவானி அம்மன் கோயிலால் புகழ்பெற்ற பெரியபாளையம், ஆரணி பேரூராட்சி, பொன்னேரி ஆகியவற்றின் வழியே கிழக்கு நோக்கிப் பாய்ந்து பழவேற்காடு ஏரியை அடைகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆரணியையும், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணியையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வது உண்டு. இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

ஆரணியாறு ஆண்டின் பெரும்பகுதி மணல் வெளியாகவே கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் வெள்ளம் வரும். இந்தச் சில வார வெள்ளம் ஏரியின் உப்பைக் குறைக்கிறது. முகத்துவாரத்தில் தேங்கிய மணலையும் கடலுக்குத் தள்ளுகிறது.

ஏரியும் முகத்துவாரமும்

பழவேற்காடு ஏரி உண்மையில் ஓர் உப்பங்கழி. அதாவது, மணல்திட்டு ஒன்றால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, குறுகிய வாய்கள் வழியாக மட்டும் கடலோடு தொடர்புடைய ஆழமில்லாத நீர்நிலை. இந்த ஏரியைக் கடலிலிருந்து பிரிப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஏவுதளம் அத்தீவில்தான் உள்ளது. ஏரியின் பரப்பு பருவத்திற்கேற்ப 250 முதல் 450 சதுர கி.மீ. வரை மாறுபடும். இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்முனை மட்டும் தமிழ்நாட்டிலும் உள்ளது. தென்முனையில் உள்ள முகத்துவாரத்தின் அருகேதான் பழவேற்காடு அமைந்துள்ளது.

முகத்துவாரத்தில் இரண்டு ஆற்றல்கள் ஓயாமல் எதிர்த்துச் செயல்படுகின்றன. கரையோரம் சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரை நெடுகிலும் நகர்த்துகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் இந்த மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் எதிர்த்திசையிலும் செல்கிறது. செல்லும் வழியில் முகத்துவாரத்தில் படிந்து அதை மூடப் பார்க்கிறது. மறுபுறம், நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதமும் மழைக்கால ஆற்றுவெள்ளமும் அந்த மணலை அரித்து வாயைத் திறந்து வைக்கின்றன. வெள்ளம் குறைந்த ஆண்டுகளில் மணலின் கை ஓங்குகிறது. முகத்துவாரம் குறுகும், சில வேளை முற்றிலும் அடைபடும், இடம் மாறுவதும் உண்டு.

முகத்துவாரம் அடைபட்டால் பாதிக்கப்படுவது படகுப் போக்குவரத்து மட்டுமன்று. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, பருவம் எய்தியபின் கடலுக்குத் திரும்பும். மடவை போன்ற மீன்களும் இதே வழியைப் பயன்படுத்துகின்றன. வாய் மூடினால் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. கோடையில் நீர் ஆவியாகி, ஏரி கடலைவிடவும் கரிப்பாகும். ஏரியையே நம்பியுள்ள மீனவர்களின் அடுத்த சில மாத வருவாய் அத்துடன் குறைந்துவிடும்.

வரலாறு

போர்த்துகேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் குடியேறினர். இங்குள்ள மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 எனக் கூறப்படுகிறது. தமிழகத்தின் பழமையான கத்தோலிக்கத் திருத்தலங்களுள் இதுவும் ஒன்று.

1610-இல் ஒல்லாந்தர் விசயநகர அரசிடம் இசைவு பெற்று இங்கு வணிகம் தொடங்கினர். போர்த்துகேயரின் தாக்குதலுக்குப் பின், 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டை எழுந்தது. கோட்டையை அமைத்த வெம்மர் வான் பெர்கெம், தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அப்பெயரை இட்டார். இந்தோனேசியத் தீவுகளின் மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றை வாங்க ஒல்லாந்தருக்குப் பணத்தைவிடத் துணியே தேவைப்பட்டது. அத்தீவு மக்கள் விரும்பியது சோழமண்டலத் துணியைத்தான். சுற்றுவட்டார நெசவாளர் நெய்த கட்டம் போட்ட துணி பழவேற்காட்டிலிருந்து கப்பலேறியது. மலேசியாவில் கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கின்றனர். 'பெலிக்காட்' என்பது இவ்வூரின் பெயரே.

இங்கு வெடிமருந்து ஆலையும் நாணயச்சாலையும் இயங்கின. இவ்வணிகத்திற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கப்பட்டு, இக்கரையிலிருந்து பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) முதலிய இடங்களுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டனர். ஒல்லாந்தரின் கல்லறைகள் அழகிய எழுத்துகளுடன் நிற்கின்றன. அனுப்பப்பட்டவர்களுக்கு இங்கே நினைவுக்கல் ஒன்றும் இல்லை.

கோட்டையில் 1632 முதல் 1642 வரை சமயகுருவாக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியசு. பத்மநாபன் என்ற அந்தணரிடம் கேட்டறிந்து, இந்து சமய வழக்கங்கள் பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1651-இல் வெளியாயிற்று. இந்து சமயத்தை ஐரோப்பியருக்கு விரிவாக விளக்கிய முதல் நூல்களுள் அது ஒன்றாகக் கருதப்படுகிறது.

சென்னை நகரின் தோற்றத்திலும் இவ்வூருக்கு ஒரு தொடர்பு உண்டு. ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் 1621-இல் பழவேற்காட்டில் வணிகம் தொடங்கினர். ஒல்லாந்தரோடு ஒத்துப்போக இயலாமல் சில ஆண்டுகளிலேயே வெளியேறினர். 1626-இல் வடக்கே ஆர்மகானில் (துர்கராஜபட்டினம்) குடியேற்றம் அமைத்தனர். அதுவும் நிலைக்கவில்லை. அங்கிருந்த பிரான்சிசு டே 1639-இல் சென்னைக் கரையில் இடம் பெற்றார்.

ஒல்லாந்தர் 1690-இல் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். பின்னர் பழவேற்காடு ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருந்தது. 1781-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1785-இல் திரும்பக் கொடுத்தனர். 1795-இல் மீண்டும் கைப்பற்றினர். 1818-இல் மீண்டும் கொடுத்தனர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாகவே ஆயிற்று.

காணத்தக்கவை

கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர் மண்டிய மேடும் அகழியின் சுவடும் மட்டுமே உள்ளன. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே கூர்நுனித் தூண்களும், குவிமாடக் கல்லறைகளும், டச்சு மொழிக் கல்வெட்டுகளும் உள்ளன.

ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்பாறாங்கல்லால் கட்டப்பட்டது. அதில் இராமாயணக் காட்சிகள் மிகச் சிறிய சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய உதவிய நிழல் கடிகாரம் உள்ளது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் வழக்கம் இவ்வூர் முஸ்லிம்களிடையே இருந்தது. பனையோலையில் கூடை, பெட்டி முதலியன பின்னும் கைத்தொழிலை இங்குள்ள பெண்கள் செய்துவருகின்றனர். பொன்னேரியிலிருந்து வரும் வழியில் உள்ள திருப்பாலைவனம் சிவன் கோயில் சோழர் காலத்துடன் தொடர்புடையது.

அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரைகளும் கூழைக்கடாக்களும் பிற நீர்ப்பறவைகளும் ஏரிக்கு வருகின்றன. ஆழம் குறைந்த சேற்றுநீரில் கிடைக்கும் நுண்ணுயிரிகளே பூநாரைகளின் உணவு. அவ்வுணவில் உள்ள நிறமிகளால்தான் அவற்றின் இறகு செந்நிறம் பெறுகிறது.

பாடு முறை

ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையைப் பகிர்ந்துகொள்ள, பட்டினவர் சமூக மீனவர்கள் 'பாடு' என்னும் முறையைத் தலைமுறைகளாகப் பின்பற்றிவருகின்றனர். கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்கள் இதில் முதன்மையானவை. முதலிரண்டு பெயர்களும் கோட்டையையும் மாதா ஆலயத்தையும் நினைவூட்டுகின்றன.

முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பரப்பில் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் கிடைக்காது. நீரோட்டம் உள்ள இடத்தில் மிகுதியாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் கிடைக்கும். வல்லவர் மட்டும் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் சண்டை மூளும். எனவே நீர்ப்பரப்பைப் பாடுகளாகப் பிரித்து, யாருக்கு எந்தப் பாடு, எந்த நாள் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கின்றனர். இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவர் அடுத்த முறை வேறு பாட்டிற்குச் செல்வார். இதனால் நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வருகின்றன. எழுதப்பட்ட சட்டம் ஏதும் இன்றி ஊர்க் கட்டுப்பாட்டாலேயே இது நடைபெறுவதால், பொதுவளப் பகிர்வு பற்றி ஆராய்வோர் பாடு முறையை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றனர்.

எனினும் பாட்டில் அனைவருக்கும் இடமில்லை. அது குறிப்பிட்ட ஊர்களின் ஆண்களுக்கு உரியது. இருளர் பெண்கள் ஆழமற்ற நீரில் இறங்கி, வலையின்றிக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். பாட்டு உரிமை இல்லாத பிற ஊரார் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்பதும், அதனால் பூசல் எழுவதும் உண்டு. ஏரியின் வளம் சுருங்கச் சுருங்க இப்பூசல் கூர்மையாகிறது.

இன்றைய நிலை

பழவேற்காட்டிற்குத் தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி ஆகிய இடங்களில் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும், மேற்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும் உள்ளன. இவை பல்லாயிரம் பேருக்கு வேலை தருகின்றன. ஆனால் துறைமுகங்களின் அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்து நிறுத்துகின்றன. இதனால் சுவருக்குத் தெற்கே மணல் சேர்கிறது. வடக்கே கரை அரிக்கப்படுகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை மீனவர்கள் எதிர்ப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

முகத்துவாரம் ஆபத்தான இடமும்கூட. 2011 டிசம்பர் 25 அன்று இங்குச் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது.

முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. இதற்காகத் தமிழ்நாடு அரசு, தூர்வாரிக் கற்சுவர் அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. இத்தகைய முயற்சி பயன்தரும் என்பதற்குச் சிலிக்கா ஏரி சான்று. அங்கு மணல் அடைத்து மீன்வளம் சரிந்தபோது, 2000-ஆம் ஆண்டில் கடலுக்குப் புதிய வாய் வெட்டப்பட்டது. நீரின் உவர்ப்பு சீரடைந்து மீன்வளமும் மீண்டது. அழிவை எதிர்நோக்கும் ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலிலிருந்து 2002-இல் சிலிக்கா நீக்கப்பட்டது.

ஆனால் சுவர் மட்டும் போதாது. ஆரணியாற்றில் வெள்ளம் உரிய காலத்தில் ஏரியை அடைய வேண்டும். ஆற்றுமணல் அளவின்றி அள்ளப்படாமலும், ஆலைக்கழிவு கலக்காமலும் காக்கப்பட வேண்டும். பெரியபாளையத்திலும் ஆரணியிலும் பொன்னேரியிலும் ஆற்றுக்கு நேர்வது எதுவானாலும், அதன் விளைவு இறுதியில் பழவேற்காட்டு வலையில்தான் தெரியும். கோட்டை அழிந்த பின்னும் ஊர் நிலைத்தது. ஏனெனில் ஏரி இருந்தது. முகத்துவாரம் அடைபட்டுப்போனால், பாட்டுக்குச் சீட்டுப் போடுவதிலும் பொருள் இராது.