சொல்லைக் கண்டுபிடி!

பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை. அல்சூர் பக்கத்தில் பொது முற்றம் கொண்ட ஒரு வட்டாரம். துவைத்த துணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பையன் நிற்கிறான். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

இரண்டு விரலைக் காட்டுகிறான். இரண்டு சொல் என்று அர்த்தம். பிறகு உள்ளங்காலைத் தூக்கி, முகத்தைச் சுளித்து, எதையோ பிடுங்கி எறிகிறான்.

"ஆணி!" என்கிறார் ஒருவர். "கண்ணாடித் துண்டு!" என்கிறார் இன்னொருவர். பையன் தலையை ஆட்டி மறுக்கிறான். அடுத்து, எதையோ மோந்து பார்த்துத் தலையில் சூடிக்கொள்வது போல் காட்டுகிறான்.

"முள்ளு! ரஜினி படம். முள்ளும் மலரும்!" என்று கத்தினார் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா. முற்றம் முழுவதும் கைதட்டல்.

1978-ல் மகேந்திரன் இயக்கத்தில் வந்த படம் அது. கதாநாயகன் இதே பெங்களூரில் பிறந்து, பஸ் கண்டக்டராக இருந்தவர். படத்தின் பெயரே ஒரு புதிர்தான். 'முள்ளும் பூவும்' என்றும் கொள்ளலாம். 'முள்கூட ஒரு நாள் மலர்ந்துவிடும்' என்றும் கொள்ளலாம். படம் முடியும்போதுதான் இரண்டாவது பொருள் புரியும்.

பிரான்சிலிருந்து வந்ததா?

இந்த ஊமை விளையாட்டு 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் எழுத்துப் புதிராகத் தொடங்கியது. ஒரு சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் குறிப்புக் கொடுத்து, முழுச் சொல்லைக் கேட்பார்கள். நடித்துக் காட்டும் வழக்கம் பின்னால் வந்தது.

ஆனால் குறிப்புக் கொடுத்துச் சொல்லைக் கேட்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் இலக்கிய வகைகளை எண்ணிச் சொல்லும் இடத்தில் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு 'பிசி' என்ற ஒன்றையும் சேர்த்திருக்கிறது. பிசி என்றால் விடுகதை. அதிலும் இரண்டு வகை உண்டு: ஒப்புமை காட்டிச் சொல்வது ஒன்று, குறிப்பால் உணர்த்துவது மற்றொன்று. நம் ஊர்த் திண்ணைகளில் பாட்டிமார் போட்ட விடுகதைகளும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். தென் மாவட்டங்களில் இதையே அழிப்பாங்கதை என்பார்கள். இலங்கைத் தமிழர் நொடி என்பார்கள்.

கன்னடத்தில் இதற்கு ஒகட்டு என்று பெயர். கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் மூன்றடிப் பாடல்களில் பல விடுகதைகளே. 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த அல்சூர்த் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9-ல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது இந்தச் சர்வக்ஞரின் சிலைதான்.

'ப' போட்டால் தமிழ், 'ஹ' போட்டால் கன்னடம்

பக்கத்து வீட்டு அக்கா முந்திக்கொண்டதில் வியப்பில்லை. முள் என்பது கன்னடத்தில் முள்ளு. பிழைப்புக்காகப் புதிதாக இங்கு வருகிறவர்களுக்குப் பழையவர்கள் சொல்லித் தரும் ஒரு சூத்திரம் உண்டு. தமிழ்ச் சொல்லின் முதலில் 'ப' இருந்தால் 'ஹ' போட்டுப் பார். பால் ஹாலு ஆகும். பல் ஹல்லு. புலி ஹுலி. பத்து ஹத்து. பழைய கன்னடத்திலும் 'ப'தான் இருந்தது. பிற்காலத்தில் 'ஹ' ஆயிற்று. ரயிலில் வரும்போது பையப்பனஹள்ளி என்று பலகையில் படிக்கிறோமே, அந்த ஹள்ளியும் நம் பள்ளியும் ஒன்றே.

'வ' இருந்தால் 'ப' போட வேண்டும். வாழை பாளெ. வேர் பேரு. விரல் பெரளு. இதை வைத்தே ஒரு விளையாட்டு ஆடலாம். தமிழ்ப் பிள்ளைகள் கன்னடச் சொல்லையும், கன்னடப் பிள்ளைகள் தமிழ்ச் சொல்லையும் ஊகித்துச் சொல்ல வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் சூத்திரம் பலிக்காது. பலிக்காத இடத்தில் சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கும்.

ஜன்னல் தமிழா?

வாயைத் திறந்து ஆடும் வகையும் இருக்கிறது. 'மாமியார்' என்று சீட்டில் வந்தால், அம்மா, கணவன், வீடு என்ற சொற்களைச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1989-ல் இதை 'டாபூ' என்று பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். நமக்குப் பெட்டி வேண்டாம். பழைய காலண்டர்த் தாளைக் கிழித்து இருபது சீட்டு எழுதினால் போதும். இரண்டு கட்சி, சீட்டுக்கு ஒரு நிமிஷம்.

இங்குள்ள சில வீடுகளில் இன்னொரு சட்டமும் சேர்த்திருக்கிறார்கள். குறிப்பைத் தமிழிலேயே சொல்ல வேண்டும். ஆங்கிலம் கலந்தால் ஒரு மார்க் போச்சு. அப்போதுதான் தெரிகிறது, ஒரு நிமிஷம் தமிழ் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று! ஒரு முறை 'ஜன்னல்' தமிழா என்று சண்டை வந்தது. அது போர்ச்சுக்கீசியர் தந்த சொல், சாவியும் அப்படித்தான். "வந்து நானூறு வருஷம் ஆச்சு. குடியேறியவனை இன்னும் வெளியூர்க்காரன் என்று சொன்னால் நியாயமா? செல்லும்!" என்று தீர்ப்புச் சொன்னார் ஒரு பெரியவர். பெங்களூர்த் தமிழர் சபையில் அந்தத் தீர்ப்புக்கு மறுப்பு எழவில்லை.

போனில் ஒரு விடுகதை

விளையாட்டு என்றாலும் இதில் ஒரு கவலையும் கலந்திருக்கிறது.

குமாஸ்தா ஒருவரின் வீடு. மகள் படிப்பது ஆங்கில மீடியம். இரண்டாம் மொழி கன்னடம். தமிழ் எழுத்துத் தெரியாது. வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஆயா வாரம் ஒரு முறை போனில் கூப்பிடுவார். "சாப்ட்டியா கண்ணு?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அதற்கு மேல் பேச்சு ஓடாது. பேசப் பாசம் இருந்தது, சொல்தான் இல்லை.

ஒரு நாள் ஆயா ஒரு விடுகதை போட்டார். பேத்திக்கு விடை தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன், நீயே யோசி" என்று போனை வைத்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் பெண் அப்பாவைத் துளைத்தெடுத்தாள். விடை 'உரல்'. உரலை அவள் கண்ணால் பார்த்ததில்லை. கிராமத்து விடுகதைகளில் பாதிக்கு விடை உரல், திரிகை, ஏர், கவலை என்றுதான் வருகிறது. பொருள் போனால் சொல்லும் போய்விடுகிறது. சொல் போன பிறகு விடுகதைக்கு விடை ஏது?

அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனதும் அவள் முதலில் கேட்டது, "ஆயா, உரல் எங்கே?" மாட்டுக் கொட்டகை ஓரத்தில் மண்ணில் பாதி புதைந்து கிடந்ததைக் காட்டினார் ஆயா. இப்போது போன் பேச்சு அரை மணி நேரம் ஓடுகிறது. பேத்தியும் பதிலுக்குப் பட்டணத்து விடுகதை போடுகிறாள். சிலவற்றுக்கு ஆயா திணறிப்போகிறார்.

அவள் போட்டவற்றில் இரண்டு, வாசகர்களுக்காக:

1. கோபம் வந்தால் தலை ஆடும், சீட்டியடிக்கும். மூன்று முறை சீறினால் அம்மா அடக்கிவிடுவாள். அது என்ன?

2. உடம்பெல்லாம் ஜன்னல், ஒரு வீடும் அல்ல. ஊரையே சுமக்கும், தன் பாதையை விட்டு ஒரு சாண் நகராது. அது என்ன?

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விடையைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். கேள்வியைத் தமிழில் கேட்டாலே போதும்.

(விடை: 1. குக்கர். 2. ரயில்.)