பிரசவ வார்டின் பேரேடும் செவிலியரின் சொல்லும்

மைசூரு மண்டி மொஹல்லாவில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையை இவ்வூரார் ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்றே அழைப்பர். 1934 முதல் அங்குப் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவை பிரசவ வார்டில் அளக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏறின. எழுதியவர்களுக்கு அது அன்றாடக் கடமை, அவ்வளவே. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அப்பதிவேடுகளே உலகறிந்த மருத்துவ ஆய்வுகளுக்கு மூலமாயின. பேரேடுகளோடு காலம் கழிக்கும் வங்கி அலுவலன் ஒருவனுக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

1990களில் இம்மருத்துவமனையின் மருத்துவர்களும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களும், பதிவேட்டில் இருந்த குழந்தைகளை நடுவயதினராகத் தேடிக் கண்டு பரிசோதித்தனர். எடை குறைந்து பிறந்தவர்களிடம் இதயநோய் மிகுந்திருந்தது. சர்க்கரை நோயோ, நீளம் குறைந்து பருமனாகப் பிறந்தவர்களிடமும், உடல் எடை மிகுந்த தாய்மார்க்குப் பிறந்தவர்களிடமும் மிகுந்திருந்தது. அத்தாய்மார்க்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரை கூடியிருந்திருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. அதனை அறிய, 1997-98இல் அதே மருத்துவமனையில் 800க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யப்பட்டது. ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் காணப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பார்த்தபோது, அத்தாய்மாருள் 37 விழுக்காட்டினர் நிலையான சர்க்கரை நோயாளிகளாகியிருந்தனர். ஏனைய தாய்மாரிடம் அது 2 விழுக்காடு மட்டுமே. ஆய்வில் மீண்டும் பார்க்கப்பட்ட தாய்மாரின் எண்ணிக்கை சிறிதுதான்; ஆயினும் இடைவெளி மிகப் பெரிது.

பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே பெரும்பாலான தாய்மாருக்குச் சர்க்கரை அளவு இறங்கிவிடும். “சர்க்கரை போய்விட்டது” என்று வீட்டார் நிம்மதி அடைவர். பிள்ளைப்பேறு பார்த்த வீட்டில் பச்சை உடம்புக்காரிக்கு நெய்யும் இனிப்பும் குறைவின்றிக் கிடைக்கும். பரிசோதனையை எவரும் நினைப்பதில்லை. ஐந்தாண்டுக் கணக்கை மாற்றக்கூடிய சொல்லை, வீட்டுக்கு அனுப்பும் வேளையில் சொல்ல வேண்டியவர் செவிலியர். ஆறாவது வாரத்தில் வெறும் வயிற்றில் வந்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைப் பருகி, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் முதல் வருகையிலேயே கூற வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். இரண்டையும் ஒரே நாளில் குறித்துக் கொடுத்தால் தாய் வருவாள். தனியே அழைத்தால் பெரும்பாலும் வரமாட்டாள்.

“புரிந்ததா?” என்று கேட்டால் எவரும் “புரிந்தது” என்றே தலையசைப்பர். நல்ல செவிலியர் அதோடு விடுவதில்லை. “நான் சொன்னதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்” என்பார். கன்னடம், உருது, தமிழ் மூன்றும் ஒலிக்கும் இந்நகரின் வார்டுகளில் இம்முறை இன்றியமையாதது. இன்சுலின் போடுவோரிடம் சொல்லக் கேட்டலும் போதாது. செய்து காட்டச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 அலகு வலிமையுடையது. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 அலகு மருந்துக்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. 100 அலகு மருந்தை 40 அலகுச் சிரிஞ்சில் குறிப்பார்த்து ஏற்றினால் அளவு இரண்டரை மடங்காகிவிடும். மாறினாலோ மருந்து போதாது. ஒரே இடத்தில் ஊசி போட்டால் தோலின்கீழ்க் கட்டி திரளும், மருந்து சரிவரச் சேராது என்பதையும் வயிற்றைத் தொட்டுக் காட்டியே விளங்கவைக்க முடியும்.

பாதப் பராமரிப்பு இவ்வூரில் தனியே பேச வேண்டிய பொருள். சாமுண்டி மலையின் ஏறத்தாழ ஆயிரம் படிகளை வெறுங்காலுடன் ஏறுவது பலருக்கு வேண்டுதல். நெடுநாள் சர்க்கரையால் உணர்ச்சி குன்றிய பாதத்துக்குக் கல்லின் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. வேண்டுதலை விடச் சொல்லும் செவிலியரைவிட, விடியலில் ஏறுங்கள், இறங்கியதும் கண்ணாடியில் உள்ளங்காலைப் பாருங்கள், கொப்புளம் இருந்தால் அன்றே வாருங்கள் என்பவரையே மக்கள் கேட்கின்றனர். அம்பாளுக்கும் அதில் மறுப்பு இராது. எனினும், புண் உள்ளவரும் உணர்ச்சி அறவே இழந்தவரும் பேருந்தில் செல்வதே தகும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நவம்பர் மாதம் உயிர்வாழ்ச் சான்று அளிக்க வரும் ஓய்வூதியர்களுள் சிலர், மாத்திரையை விழுங்கிவிட்டு உணவு கொள்ளாமல் வரிசையில் நிற்கின்றனர். வியர்வை, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் தோன்றினால் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கியிருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஓய்வூதியர்களே, சட்டைப்பையில் நான்கு சர்க்கரைக் கட்டிகளோடு வாருங்கள். வரிசை நீண்டால் எங்கள் ஊழியரிடம் தயங்காது சொல்லி அமருங்கள்.

இக்கட்டுரையைப் படிக்கும் இல்லங்களில் அண்மையில் பிரசவித்த பெண் இருந்தால், மருத்துவமனை தந்த வெளியேற்றத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எழுதியிருந்தால், அத்தாளைக் குழந்தையின் தடுப்பூசி அட்டை உள்ள அதே உறையில் வையுங்கள்.