யூ.கே.ஜி.யில் இன்னும் ஓராண்டா?

ராஜாஜி பிறந்த ஊர் என்று நாடறிந்த தொரப்பள்ளியிலிருந்து ஒசூர் வழியாக அத்திப்பள்ளி எல்லையைக் கடக்க அதிக நேரம் ஆவதில்லை, ஆயினும், யூ.கே.ஜி. முடித்த ஐந்து வயதுக் குழந்தைக்கு அச்சிறு தூரத்திலே படிப்பில் ஓராண்டு வித்தியாசம் நேர்ந்துவிடக்கூடும். தமிழ்நாட்டில் ஐந்து பிராயம் நிரம்பினால் முதல் வகுப்பில் சேரலாம். கர்நாடக அரசோ, ஜூன் 1-ஆம் தேதிக்குள் ஆறு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று 2022-இல் உத்தரவிட்டு, 2025-26-இல் அதனை அமலுக்குக் கொண்டுவரும் தறுவாயில், மழலையர் வகுப்பை முடித்த குழந்தைகளின் கதி என்ன என்று பெற்றோர் முறையிட்டதன்பேரில், அவ்வாண்டுக்கு மட்டும் ஐந்து ஆண்டு ஐந்து மாதமாக வயதைத் தளர்த்தியது. ஆகவே, வேலை நிமித்தம் எல்லை தாண்டிக் குடியேறும் பெற்றோர், வயது போதாமையால் குழந்தை யூ.கே.ஜி.யிலேயே இருக்க நேர்ந்தால், அதை அதன் அறிவைப் பற்றிய தீர்ப்பாகக் கொண்டு விசனப்பட வேண்டியதில்லை.

விதியின் நிர்ப்பந்தமின்றி, “இன்னும் ஓராண்டு இருக்கட்டும்” என்று பள்ளியே சொல்லும்போதுதான் ஆழ்ந்த ஆலோசனை அவசியமாகிறது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் தேக்கிவைப்பதில்லை என்ற கொள்கையைத் தமிழ்நாடு காத்துவருகிறது என்றாலும், முதல் வகுப்புக்கு முந்திய பருவத்திற்கு அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. அங்கே குழந்தைக்காகப் பேச வேண்டியவர்கள் பெற்றோரே.

குழந்தை ஏன் பின்தங்குகிறது என்பதே முதற் கேள்வி. தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுப் பாஷைகளாக வழங்குவதும், சிப்காட் ஆலைகளை நாடி வடமாநிலத்தார் பலர் குடியேறியிருப்பதுமான இந்த ஒசூர்ப் பிரதேசத்தில், வகுப்பில் வாய் திறவாத குழந்தை வீட்டிலே சரளமாகக் கதை சொல்லக்கூடும். அதற்குத் தேவை புதிய பாஷையோடு பழக்கமேயன்றி, பழைய வகுப்பு அன்று. காது மந்தமா, பார்வை மங்கலா என்று வைத்தியரிடம் காட்டாமல் முடிவு செய்வதும் தகாது. வகுப்பிலேயே இளையதாக இருப்பதும் ஒரு காரணமாகலாம்: ஐந்து வயதில் பதினோரு மாதம் என்பது வாழ்நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அல்லவா?

நெடுநாள் நோயினால் படிப்பு தடைப்பட்ட குழந்தைக்கும், தாயைப் பிரிந்து சற்று நேரமும் தரித்திருக்க இயலாத மிக இளைய குழந்தைக்கும் மற்றோர் ஆண்டு நன்மை தரலாம். மற்றவர்களுக்கு, முன்னே அனுப்பி உதவி செய்வதே மேல். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவரவர் நின்ற இடத்திலிருந்தே கற்பிப்பது இந்த நோக்கத்தால்தான்.

எனவே ஆசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இரண்டாம் ஆண்டில் எம் குழந்தைக்கு எதை வேறுவிதமாகச் செய்வீர்கள்? தெளிவான பதில் கிடைத்தால் சம்மதிக்கலாம். அதே புத்தகம், அதே பாட்டு, அதே எழுத்துப் பயிற்சி என்பதுதான் பதிலானால், குழந்தையை முதல் வகுப்புக்கு அனுப்புவதே நியாயம்.