தூசிக்குத் தூசியே மருந்தாகுமா?

விசுவமடு வயல்களில் சூடடிப்புத் தொடங்கினால் சிலருக்குத் தும்மலும் முட்டும் கூடிவிடும். பதர்த் தூசி ஒரு காரணம். பழைய தலையணையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணியின் கழிவு இன்னொரு காரணம். தீங்கற்ற பொருளைப் பகையென்று எண்ணி உடம்பு போராடுவதையே ஒவ்வாமை என்கிறோம்.

ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கும் முறையை 1911இல் இலண்டனில் லெனாட் நூன் வெளியிட்டார். ஆனால் அந்த ஊசியே சிலவேளை உயிருக்கு ஆபத்தாகலாம்.

இதற்கு ஒரு வழி கொழுப்புப் பை. முட்டை மஞ்சட்கருவிலுள்ள ஒருவகைக் கொழுப்பு தண்ணீரில் நுண்ணிய பைகளாவதை 1960களில் பிரித்தானியர் அலெக் பாங்கம் கண்டார். இவையே லிப்போசோம்கள். ஒவ்வாத பொருளை இவற்றினுள் அடைத்தால், உடனே சீறும் கலங்களுக்கு அது எளிதில் தென்படாது. மற்றக் காவற்கலங்கள் அதை விழுங்கிப் பழகும். சிற்றுண்ணிச் சாற்றை இப்படி அடைத்து ஊசியேற்றியபோது ஆஸ்துமா நோயாளர் பலருக்கு வருத்தமும் மருந்துத் தேவையும் குறைந்ததாக 2002இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் எழுதினர்.

இம்மருந்து எமது கிராமத்து ஆஸ்பத்திரிக்கு வரும்வரை கையிலுள்ளதைச் செய்வோம். சூடடிக்கையில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். தலையணை உறைகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள். அடுப்புப் புகையில் பிள்ளைகளை இருத்தாதீர்கள். வைத்தியர் தந்த பம்பைத் தாமாக நிறுத்தாதீர்கள். இடம் மாறும்போது கிளினிக் கொப்பியையும் பம்பையும் முதலில் எடுங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.