கையடக்கக் கணிப்பொறியும் அதன் பாட்டரிப் பராமரிப்பும்

நிலத்தை அளக்கவும், அடங்கலைப் பதியவும், உரத்தை விற்கவும் கையிலடங்கும் கணிப்பொறிகள் இந்நாளில் வழக்கத்திலிருப்பதைக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிவார்கள். 2018-ஆம் ஆண்டு முதல், மானிய உரம் வாங்குவோர் விற்பனைக் கருவியில் தம் ஆதார் எண்ணையும் கைரேகையையும் பதிந்து மூட்டையைப் பெறுகின்றனர். அப்பதிவைக் கொண்டே உரக் கம்பெனிக்கு மானியம் சேருகிறது. ஆகையால் நெற்பயிர் தூர் கட்டும் தருணத்தில் கருவி உயிரற்றுப்போனால், கிடங்கில் யூரியா இருந்தும் மேலுரமிடத் தாமதமாகும். கள்ளிக்குப்பம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய இடங்களில் வயல்கள் மனைகளாக மாறிவிட்டபடியால், ஒரு முழ எல்லையும் விலைமதிப்புடையது. அங்கே அளவையின் நடுவில் கருவி நின்றுபோவது பெருநஷ்டமாகும்.

நம் தேசத்தில் இம்முயற்சி பழையது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் கம்பெனியாரும் சேர்ந்து, பாமர ஜனங்களுக்கென வகுத்த ‘சிம்ப்யூட்டர்’ 2001-இல் வெளிவந்தது. 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியார் அதனை ‘அமிடா’ என்னும் பெயரால் விற்கத் தொடங்கினர். கர்நாடக அரசாங்கத்தார் நிலக்கணக்கு வேலைக்கு அதனை உபயோகித்தனர். அது பெருவாரியாகப் பரவவில்லையாயினும், அதன் நோக்கம் இன்று ஊர்தோறும் நிறைவேறியுள்ளது.

கருவியின் உறுதி

வாங்குமுன் ‘ஐபி’ என்னும் குறியையடுத்த இரண்டு இலக்கங்களைக் கவனிக்க வேண்டும். முதலிலக்கம் 6 எனில் தூசி அறவே புகாது. இரண்டாவது 5 எனில் பீய்ச்சும் நீரையும், 7 எனில் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிஷம் மூழ்குவதையும் தாங்கும். அமெரிக்க இராணுவப் பரீட்சையொன்றில் கருவியை 4 அடி உயரத்திலிருந்து 26 முறை விழச்செய்து சோதிக்கிறார்கள். ஆயினும் ரப்பர் மூடிகள் வெடித்தாலும், உறை பிளந்தாலும் இக்காப்பு நில்லாது. வெயிலில் தெளிவாகத் தெரியும் திரையும், கழற்றி மாற்றத்தக்க பாட்டரியும் வயல்வேலைக்கு மிக அவசியம்.

பாட்டரியின் இயல்பு

கருவியில் முதலில் தளர்வது பாட்டரியே. 1991-இல் விற்பனைக்கு வந்த லிதியம் அயனி பாட்டரியே இன்று எங்கும் வழங்குகிறது. உஷ்ணமும், நிறைந்த மின்னேற்றத்துடன் நெடுநாள் கிடப்பதும் இதற்குப் பரம விரோதிகள். இரண்டும் சேர்ந்தால் அதன் உட்பொருள்கள் விரைவில் கெட்டுக் கொள்திறன் குறையும். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய மோட்டார் வண்டியின் உட்புறம் வெளிக்காற்றினும் மிகச் சூடேறுமாதலால், அதில் கருவியை விட்டுச்செல்வது தகாது. முற்றிலும் தீர்ந்தபிறகே மின்னேற்ற வேண்டுமென்பது பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிக்குரிய வழக்கம். லிதியத்துக்கு அது தீங்கே செய்யும்.

அனுசரிக்க வேண்டிய முறைகள்

1. நாலிலொரு பங்கு மிச்சமிருக்கும்போதே மின்னேற்றுக.

2. வெயிலில் சூடேறிய கருவியை நிழலில் ஆறவைத்தபின் மின்னேற்றுக. 45 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் ஏற்றலாகாது.

3. பருவமில்லாத மாதங்களில் சுமார் பாதி மின்னேற்றத்துடன், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க. இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை சோதித்துக் குறைந்ததை ஈடுசெய்க.

4. கருவிக்குரிய மின்னேற்றியையே உபயோகிக்க. உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைக்க. ஈரமிருக்கையில் மின்னிணைப்புக் கொடுக்கலாகாது.

5. பாட்டரி உப்பினால் உடனே உபயோகத்தை நிறுத்துக. குத்துவதும் அழுத்துவதும் தீப்பிடிக்க ஏதுவாகும்.

6. பழுதான பாட்டரியைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறியலாகாது. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. ஆதலால் விற்றவரிடமோ அங்கீகாரம் பெற்ற சேகரிப்பவரிடமோ ஒப்படைக்க.

உழவு மாட்டை வேலைக்குப்பின் நிழலில் கட்டி இளைப்பாற்றுவது நம்மவர் வழக்கம். பாட்டரிக்கும் அந்நிழலைக் கொடுப்பதில் செலவேதுமில்லை. நடவுக்கு முன்பே சங்கங்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் தத்தம் கருவிகளைச் சோதித்து, மாற்றுப் பாட்டரியொன்றைச் சித்தமாக வைப்பார்களாயின், பருவத்தில் குடிகள் வெறுங்கையுடன் திரும்ப நேரிடாது.