பூனைக்குப் பால் போதுமா?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டு விடுமா என்று கேலி செய்கிறோம். பாற்சோறு மட்டுமே போட்டு, அதன் கண்ணை நாமே இருட்டாக்கி விடுகிறோமே, சகோதரிகளே!

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது; வயிற்றுப்போக்குதான் மிச்சம். மீனிலும் இறைச்சியிலும் உள்ள 'டாரின்' சத்துக் கிடைக்காவிட்டால் பூனையின் பார்வை கெடும் என்று 1975-ல் கண்டார்கள். இதயமும் தளரும் என்று 1987-ல் தெரிந்தது.

'பாட்டி வீட்டுப் பூனை பாற்சோற்றிலேயே வளர்ந்ததே!' என்பீர்கள். கீழ்பென்னாத்தூரில் நெல்மூட்டை அடுக்கிய வீட்டில் அதற்கு எலி கிடைத்திருக்கும். மாடி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் உங்கள் பூனைக்கு?

நாய்க்குச் சோறு செரிக்கும். ஆனால் மிச்சமான வெங்காயச் சாம்பார் அதன் இரத்தத்தைக் கெடுக்கும்; வெந்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும்.

சைவ வீடாயிற்றே என்கிறீர்களா? கடையில் விற்கும் பூனைத் தீனியாவது வாங்கிப் போடுங்கள். நம் விரதம் நமக்கு. வாயில்லாப் பிராணிக்கு வேண்டாம்!