நெய்யாற்றின்கரையில் இரண்டு சிவலிங்கங்கள்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. பஸ்ஸுக்குள் தமிழில் பேசிக்கொண்டிருப்பவர்களே கண்டக்டரிடம் மலையாளத்தில் டிக்கெட் கேட்பார்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அம்மாவின் சொந்தக்காரர்கள் பலர் இன்றும் அந்தப் பக்கம்தான். கல்யாணம், துக்கம் என்று போய்வந்த ஊர்களில் கோயில் பார்ப்பதற்கென்றே அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

உதியன்குளங்கரையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் செங்கல் மகேஸ்வரம் சிவபார்வதி கோயில். 2019-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவலிங்கத்தின் உயரம் 111 அடிக்கும் கொஞ்சம் அதிகம். அது வெறும் சிலை அல்ல, உள்ளே ஏறிப்போகலாம். மொத்தம் எட்டு நிலைகள். கீழே உள்ள லிங்கத்துக்குப் பக்தர்கள் தங்கள் கையாலேயே அபிஷேகம் செய்கிறார்கள். அதற்குமேல் ஆறு நிலைகள் உடலின் ஆறு ஆதாரங்களைக் குறிக்கின்றன. உச்சியில் கயிலாயம். திருமந்திரத்தை அறிந்த தமிழர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும். குகைபோல வளைந்து செல்லும் வழியில் அம்மா அங்கங்கே உட்கார்ந்து எழுந்தார். “முட்டு வலிக்கு மக்களே. ஆனா இவ்வளவு கேறியாச்சு, கைலாசத்தப் பாக்காம எறங்க மாட்டேன்.” மேலே போய்ச் சிவனையும் பார்வதியையும் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிறைவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

நெய்யாற்றின்கரை டவுனிலிருந்து சில கிலோமீட்டரில் அருவிப்புறம். அகத்தியமலையில் பிறந்து வரும் நெய்யாறு இங்கே பாறைகளுக்கு நடுவே சத்தம்போட்டு ஓடுகிறது. கரையில் சிறிய கோயில், பக்கத்தில் மடம். கருவறையில் இருக்கும் கல்லை ஒருவர் இரண்டு கையால் தூக்கிவிடலாம். அப்படித் தூக்கி வைத்ததுதான். 1888 சிவராத்திரி இரவில் நாராயண குரு ஆற்றின் சங்கரன்குழியில் மூழ்கி அந்தக் கல்லோடு எழுந்தார் என்றும், அதை நெஞ்சோடு அணைத்து வெகுநேரம் நின்ற பிறகே பிரதிஷ்டை செய்தார் என்றும் சொல்கிறார்கள்.

ஈழவர் என்ற சாதியார் கோயிலுக்குள் நுழையவே கூடாத காலம் அது. ஈழவர் குலத்தில் பிறந்த ஒருவர் பிரதிஷ்டையே செய்துவிட்டார். என்ன உரிமையில் செய்தீர் என்று கேட்டவர்களிடம், தாம் வைத்தது ஈழவச் சிவனைத்தான் என்று அவர் பதில் சொன்னதாக மரபு. சாதி பேதமும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழும் இடம் இது என்று எழுதியும் வைத்தார். திருவிதாங்கூர் மன்னர் கோயில்களைத் திறந்துவிட்டது 1936 நவம்பர் 12-இல். அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் அது நடந்துவிட்டது. இங்கே கோயிலை நடத்தக் கூடிய சிறு குழுதான் 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. கவிஞர் குமாரன் ஆசான் அதன் முதல் செயலாளர்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அம்மா கருவறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டி சுசீந்திரம் கோயிலை வெளியே நின்று கும்பிட்டவர். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காக அடிபட்டு, 1859-இல்தான் மேலுடுப்புக்கு அரசாங்க உத்தரவு பெற்றார்கள். “அப்போ ஆச்சி இங்க வந்திருந்தா உள்ள விட்டிருப்பாங்களா?” என்று கேட்டார். விட்டிருப்பார்கள் என்றேன். அவர் திரும்பவும் ஒருமுறை கும்பிட்டார்.

குரு நமக்கு அந்நியரும் அல்லர். தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்ற தமிழரிடம் யோகம் பயின்றவர். குமரி மாவட்டத்து மருத்துவாழ்மலைக் குகையில் தவமிருந்துவிட்டே அருவிப்புறம் வந்தவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடினார். திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்துக்குக் கொண்டுபோனார். ஆனால் எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், செங்கல் லிங்கத்தின் உயரம் தெரியும், அருவிப்புறம் தெரியாது. எனக்கு இது பெரிய வருத்தம்.

இரண்டும் சிவன்தான், ஒரே தாலுகாதான். செங்கலில் பார்த்தது மனித உழைப்பின் பிரம்மாண்டம். ஆனால் அருவிப்புறத்துக் கல் இல்லையென்றால், இன்று அந்த 111 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களில் பலருக்கு எந்தக் கோயில் வாசலும் அத்தனை சீக்கிரம் திறந்திருக்காது. என் மனம் அந்தக் கல்லின் பக்கம்தான்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போகும் ஆசிரியர்களே, செங்கலுக்குப் போகும் நாளிலேயே அருவிப்புறத்துக்கும் போய்வர நேரம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். 1888-இல் என்ன நடந்தது என்பதை அந்த ஆற்றங்கரையில் வைத்தே சொல்லிக்கொடுங்கள்.